ஆலோசகராகிவிட்ட என் பதிப்பாளருக்கு

அன்பிற்குரிய ஐயா,

நீங்கள் அழைத்தபடி உங்கள் ஆலோசனை நிறுவனத்தில் சேர நான் வரவில்லை. நேரில் சொல்ல வேண்டியதைப் பொதுவில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் வந்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் என் மனத்தை மாற்றியிருப்பீர்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

2015ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சியில் இந்தோனேசியா சிறப்பு விருந்தினர் நாடாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஜகார்த்தாவுக்குப் பறந்துவிடலாம். ஆனாலும் அந்த ஊர்ப் பதிப்பாளர்களோடு உட்கார்ந்து பேச நாம் ஜெர்மனிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அரை மணிக்கொரு சந்திப்பாக நான் நிரப்பியிருந்த அட்டவணையில் இடம் கிடைக்காத தாய்லாந்துப் பதிப்பாளர் ஒருவருக்கு உங்கள் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, நீங்கள் நின்றபடியே பேசினீர்கள். அவர் நம் படநூலுக்கு மின்னூல், ஒலிநூல், அசைபட உரிமைகளையும் சேர்த்துக் கேட்டார். அவர் நாட்டு மொழியில், அச்சு வடிவில், ஐந்தாண்டுகளுக்கு மட்டும் என்று வரைவின் ஓரத்தில் எழுதிக் கொடுத்த நீங்கள், மற்றவை எழுத்தாளரிடமே இருப்பதாகவும் அவை நமக்குத் தேவைப்படவில்லை என்றும் சொன்னீர்கள். முன்பணத்தைக் கூட்டும் வாய்ப்பு கைநழுவுகிறதே என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பயன்படுத்தத் தெரியாத உரிமையை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது என்று திரும்பும் ரயிலில் நீங்கள் சொன்னதை வைத்துத்தான் இன்றும் தொழில் செய்கிறேன்.

அப்படிப்பட்ட நீங்களா இப்போது ஆலோசகராக வாடிக்கையாளர்களுக்கு இந்த அறிக்கைகளை எழுதுகிறீர்கள்? 2002இல் சிங்கப்பூரின் படைப்புத் தொழில் திட்டம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அத்துறையின் பங்கை 2012க்குள் 6 விழுக்காடாக்க இலக்கு வைத்தது. கலை, வடிவமைப்பு, ஊடகம் என்ற அதன் மூன்று பிரிவுகளில் புத்தகத்துக்கு ஊடகத்தின் மூலையில்தான் இடம் கிடைத்தது என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இன்று உங்கள் அறிக்கைகளின் முதல் பக்கத்திலேயே கையெழுத்தான புரிந்துணர்வு உடன்பாடுகளின் எண்ணிக்கை இருக்கிறது. அவற்றில் எத்தனை அச்சேறின என்பது கடைசிப் பக்கம் வரை இல்லை. எந்த அமைப்புக்காக எழுதியவை என்று நான் சொல்லப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் உங்கள் வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். மொழிபெயர்ப்புக்கு நல்கை வேண்டும் என்று நீங்கள் விடாமல் வாதாடியதால்தான் சில நூல்களாவது வெளிவந்தன என்பதையும் மறுக்க மாட்டேன். ஓயாத விமானப் பயணங்களுக்கிடையே உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் சென்றபின் உங்கள் பட்டியலிலிருந்த படநூல்கள் ஒவ்வொன்றாக மறுபதிப்பு காணாமல் நின்றன. உரிமையைத் திருப்பிக் கேட்டு எழுத்தாளர்கள் எனக்குத்தான் எழுதுகிறார்கள். கோப்பில் இருக்கும் விதி ஒன்றாகவும், நீங்கள் வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு வேறொன்றாகவும் இருப்பதால், அவர்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் தவிக்கிறேன். எல்லோரிடமும் அன்பாகப் பேசிவிட்டு எதையும் எழுத்தில் வைக்காமல் போவது உங்களுக்கு எளிதாக இருந்தது. இந்தச் சுமையோடு என்னை விட்டுவிட்டுப் போன நீங்கள், இப்போது அதையும் விட்டுவிட்டு வா என்று அழைக்கிறீர்கள்.

யாரிடம், எந்த நூலுக்கு, எப்போது உரிமையைத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள் என்பதை நூல்வாரியாக எழுதி அனுப்புங்கள். அதை இங்கே பொதுவில் எழுத வேண்டாம். என் மின்னஞ்சலுக்கு அனுப்பினால் போதும்.