பஞ்சாரத்துக்குள் ஏழு சேவல்: நாட்டுக்கோழிக் குஞ்சு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கங்களில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

எனக்கு உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பதினான்கு வருடமாகச் சிறுவிடை என்கிற சிறிய உடல்வாகு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பெரிய உடல்வாகுள்ள பெருவிடையும் கொஞ்சம் நிற்கிறது. உங்களில் சிலரிடம் குஞ்சு வாங்கியிருக்கிறேன், சிலருக்கு விற்றும் இருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன். பொரித்து ஒரு நாளான நாட்டுக்கோழிக் குஞ்சைக் கையில் தூக்கி, "இது பெட்டைதான், நம்பி வாங்குங்கள்" என்று சொல்லி விற்பதை நிறுத்துங்கள்.

என் அத்தாச்சி ஒருவர் மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஒரு வாரச் சந்தையில் பத்துக் குஞ்சு வாங்கினார். விற்றவர் ஒவ்வொரு குஞ்சையும் பிடரியில் பிடித்துத் தூக்கிக் காட்டினாராம். காலை மடக்கினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல். பத்தும் காலை மடக்கிய குஞ்சுகள் என்பதால் விலையும் கூடுதல். வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து விட்டு, பருந்துக்குக் காவல் இருந்து, ஒன்றுகூடச் சாகாமல் வளர்த்தார். நாலு மாதத்தில் ஒரு விடியற்காலை பஞ்சாரத்தை, அதாவது கோழியை மூடும் கூடையை, தூக்கினால் ஏழு சேவல். மூன்றே பெட்டை. சேவலைக் கறிக்குக் கொடுத்தால் காசுதானே என்று சொன்னவர்கள் உண்டு. அவர் முட்டை விற்று வாரத் தவணை கட்டக் கணக்குப் போட்டிருந்தார். சேவலை ஒரு தடவைதான் விற்க முடியும், தவணையோ வாராவாரம் வரும். விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, "உங்கள் ராசி அப்படி" என்று பதில்.

இதில் ராசி எங்கே வந்தது? பிரித்துப் பார்க்காமல் பத்துக் குஞ்சு வாங்கும் ஆறு பேரில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ சேவலாகத்தான் அமையும். காசைப் பத்து முறை சுண்டிப் பார்ப்பது போன்ற கணக்கு அது. பிடரியைப் பிடித்துத் தூக்குவது, நூலில் ஊசி கட்டி முட்டைக்கு மேல் ஆட்டுவது, கூர்முட்டை சேவல் என்றும் உருண்டை முட்டை பெட்டை என்றும் பிரிப்பது எல்லாமே பாதிக்குப் பாதி பலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி பலிக்கும். பலித்தது மனதில் நிற்கிறது, பலிக்காதது மறந்துபோகிறது. அதனால்தான் இந்த நம்பிக்கைகள் நம் பாட்டி காலத்திலிருந்து இன்னும் உயிரோடு இருக்கின்றன.

கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தாய்தான். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் பாலினக் குரோமோசோம் சேவலுக்கு இரண்டும் ஒரே மாதிரி. பெட்டைக்கு இரண்டும் வேறு வேறு. அந்த இரண்டில் எதைத் தாய் முட்டைக்குள் வைக்கிறது என்பது ஓடு கட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிறகு முட்டை கூர்மையானால் என்ன, உருண்டையானால் என்ன? அடை வைக்கிற திசையோ நாளோ, இன்குபேட்டரில் கூட்டிக் குறைக்கிற சூடோ அதை மாற்றாது. அளவு தப்பிய சூடு குஞ்சைக் கொல்லும், அவ்வளவுதான்.

ஒரு நாள் குஞ்சில் ஆணா பெண்ணா என்று பார்க்கவே முடியாதா என்றால், முடியும். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் அன்றன்றே பிரிக்கிறார்கள். குஞ்சின் கழிவுத் துவாரத்தை விரலால் மெல்லப் பிதுக்கி, உள்ளே இருக்கும் ஊசிமுனையளவு மேட்டைப் பார்த்துச் சொல்வது ஒரு முறை. ஜப்பானியர் 1920களில் கண்டுபிடித்த வித்தை அது. கை படிவதற்கே நீண்ட பயிற்சி வேண்டும், பழகாத விரல் குஞ்சின் குடலைக் கெடுத்துவிடும். இன்னொன்று இறக்கையை விரித்து, நீள இறகும் அதன் மேல் இறகும் ஒரே நீளமா என்று பார்ப்பது. பெட்டைக் குஞ்சுக்கு நீள இறகு முந்திக்கொண்டு நிற்கும். ஆனால் இறகு மெதுவாக முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் தகப்பனையும் வேண்டுமென்றே இணை சேர்த்த வம்சத்தில்தான் இது பலிக்கும். எந்தச் சேவல் எந்தக் கோழியை மிதித்தது என்றே தெரியாத நம் மந்தையில் இறக்கையை விரித்துப் பார்த்துச் சொல்வதும் பிடரியைத் தூக்கிச் சொல்வதும் ஒன்றுதான். பொரிப்பகங்களில் பிரித்துக் கழித்த ஆண் குஞ்சுகளைத்தான் சாயம் தோய்த்து, பச்சையும் ரோசுமாகக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதையும் நாட்டுக்கோழி என்று நம்பி வாங்கிய வீடுகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன.

நிறத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வழி நம் கைக்கு எட்டுவது ஒன்றுதான். உடம்பெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகக் குறுக்கு வரி ஓடும் கோழியைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிக்கோழியோடு, வரி கலவாத கருஞ்சேவலை மட்டும் அடைத்து வையுங்கள். கருந்தூவியோடு (குஞ்சின் பஞ்சு போன்ற முதல் மயிரோடு) பொரிக்கும் குஞ்சுகளில் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், பொட்டு இல்லாதது பெட்டை. தாய் தன் வரியை மகனுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும். மாற்றிப் போட்டு, வரிச்சேவலைக் கருங்கோழியோடு விட்டால் இந்தக் கணக்கு நிற்காது. பொரித்த குஞ்சுகளையே வளர்த்துத் தங்களுக்குள் இணை சேர்த்தாலும் அடுத்த தலைமுறையில் பொட்டு இரண்டு பாலிலும் வந்துவிடும். ஆகவே தாயும் தகப்பனும் யார் என்று அறிந்தவர் மட்டுமே பொட்டைக் காட்டி விற்கலாம்.

குஞ்சின் நிறத்தைச் சொல்லி விலை ஏற்றுகிறீர்களே, அதற்கு வருகிறேன். போன வருடம் ஒரு கருங்கோழி பன்னிரண்டு முட்டையில் அடை இருந்து ஒன்பது குஞ்சு எடுத்தது. அதில் ஐந்து குஞ்சுக்கு முதுகு கறுப்பு, வயிறும் இறக்கை நுனியும் மஞ்சள் கலந்த வெள்ளை. பார்க்க வந்தவர் ஒருவர் "கருப்பு வெள்ளை ஜோடி" என்று முன்பணம் கொடுக்கத் தயாராக நின்றார். நான் வாங்கவில்லை. இறகு கட்டி முடித்தபோது ஐந்தும் அட்டக் கறுப்பு. முழுக் கறுப்பாக வளரும் கோழி பெரும்பாலும் வெள்ளை வயிற்றோடுதான் பொரிக்கும். தூவி ஒரு சட்டை, முதல் இறகு இரண்டாவது சட்டை, பருவ இறகு மூன்றாவது. முதல் சட்டையைப் பார்த்து மூன்றாவதற்கு விலை சொல்வது நியாயமா?

சாம்பல் நிறத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அதிகம். சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் ஜோடி போட்டுவிட்டு, "எல்லாம் சாம்பலாகவே வரும்" என்று சத்தியம் செய்கிறார்கள். வராது. நாலு குஞ்சுக்குச் சராசரியாக இரண்டு சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று நீலப்பொறி தெளித்த வெளுப்பு. அந்தக் கறுப்பையும் வெளுப்பையும் "வம்சம் கெட்டது" என்று கழிக்காதீர்கள். அவை இரண்டையும் இணை சேர்த்துப் பாருங்கள், அத்தனை குஞ்சும் சாம்பலாகப் பொரிக்கும்.

அப்படியானால் எப்போது சொல்லலாம்? ஆறாவது வாரத்தில் கொண்டை சிவந்து, கால் தடித்து நிற்பது சேவலாக இருக்கலாம். ஆனால் பெருவிடையில், அசில் என்கிற சண்டைக்கோழி வகையில் கொண்டையே சிறிது, ஏமாற்றிவிடும். நான் நம்புவது முதுகும் வாலும் சேரும் இடத்தை. பத்துப் பன்னிரண்டு வாரத்தில், காலை வெயிலில் குஞ்சைத் திருப்பிப் பிடித்து அந்த இடத்து இறகை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். நுனி உருண்டு மங்கலாக இருக்கும் பழைய இறகுகளுக்கு நடுவே, ஈர்க்குச்சி போல ஒடுங்கி, நுனி கூர்த்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் ஒரே ஓர் இறகு கண்ணில் பட்டாலும் அது சேவல். பெட்டைக்கு அங்கே கூர் இறகு முளைக்காது. கடைசிவரை பெட்டைபோல இறகு கட்டும் பெட்டைமாரிச் சேவல் ஒன்றுதான் இதற்கு விலக்கு; அது அபூர்வம்.

நான் கேட்பது இதுதான். ஒரு நாள் குஞ்சைப் "பிரிக்காத குஞ்சு" என்று வாய்திறந்து சொல்லி ஒரே விலைக்குக் கொடுங்கள். பெட்டை வேண்டும் என்பவருக்குப் பன்னிரண்டு வாரம் வளர்த்து, தீனிச் செலவையும் சேர்த்து விலை வைத்துக் கொடுங்கள். அந்த விலையைத் தருவார்கள், எனக்குத் தருகிறார்கள். நிறம் கேட்டால் குஞ்சைக் காட்டாதீர்கள், தாயையும் தகப்பனையும் காட்டுங்கள். பொரித்த அன்றே விரலிடைச் சவ்வில் துளையிட்டுக் குறித்தால், இரண்டு காலிலும் சேர்த்துப் பதினாறு வகை அடையாளம் கிடைக்கும். பதினாறு தாய்களின் குஞ்சைக் கலக்காமல் வைத்துக்கொள்ள ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அரசலாபுரத்தில், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்பு ஒரு சேவலுக்கு நடுகல் நட்டு, அது எந்தச் சேரிச் சேவல் என்று எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் குஞ்சின் தாய் யார் என்று நோட்டில் எழுதக்கூடாதா?

என் வீட்டில் இப்போது மூன்று கோழிகளின் குஞ்சுகள், துளைக்குறியோடு, எட்டாவது வாரத்தில் நிற்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் இன்று வந்து ஒவ்வொன்றும் என்ன என்று சொல்லுங்கள், நோட்டில் எழுதிவைக்கிறேன். ஒரு மாதம் கழித்து மறுபடி வாருங்கள், இறகை ஒதுக்கிச் சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உசிலம்பட்டிப் பக்கத்துக் கோழி வளர்ப்பவள்