தேற்றப் பெட்டிக்காகப் பாதிப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் கணிதம் படிக்கும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்கள் ஆய்வேட்டை பிரிண்ட் எடுத்து பைண்டிங்குக்குக் கொடுக்கும் சமயத்தில் திரும்பத் திரும்ப ஒரே புகார்தான் என் காதுக்கு வருகிறது. தேற்றத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால், பக்கத்தின் அடியில் இடம் போதாதபோது கட்டம் முழுசாக அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது, முந்தைய பக்கம் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. தேற்றமும் நிரூபணமும் சேர்ந்து ஒரு பக்கத்தை விட நீளமாகிவிட்டால் இன்னும் மோசம், கடைசி வரிகள் தாளுக்குக் கீழே போய் அச்சிலேயே வராது. கைடைக் கேட்டாலும் டிடிபி சென்டரில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அது அப்படித்தான் வரும்." இல்லை, அப்படி வர வேண்டிய அவசியமே இல்லை.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணிதம் அச்சுக்கோக்கப் பயன்படும் லேடெக் (LaTeX) மென்பொருளில் எழுதுகிறவர்கள் கட்டத்துக்குப் பெரும்பாலும் எஃப்பாக்ஸ் (fbox) என்ற சட்டப் பெட்டியும், அதற்குள் பத்திகளைத் தாங்க மினிபேஜ் (minipage) என்ற இன்னொரு பெட்டியும் போடுகிறார்கள். லேடெக்குக்கு அடியில் ஓடுவது டொனால்ட் குனூத் உருவாக்கி 1978-இல் வெளியிட்ட டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு நிரல். அது பக்கத்தை வெட்டுவது வரிகளுக்கு நடுவில்தான். பெட்டி என்று ஒன்றைக் கட்டிவிட்டால், அது எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஒரே பொருளாகத்தான் பார்க்கும், உள்ளே கை வைக்காது. உயரம் தாண்டிப் போனாலும் பிழை என்று நிற்காமல், 'ஓவர்ஃபுல் விபாக்ஸ்' (Overfull \vbox, அதாவது உயரம் மிஞ்சிய பெட்டி) என்று, ஓட்டத்தின் குறிப்புகளைப் பதியும் லாக் ஃபைலில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு வேலையை முடித்துவிடும். அந்த ஃபைலை யார் திறந்து பார்க்கிறார்கள்?

அதனால் மாணவர்கள் கையால் சரிசெய்யப் பார்க்கிறார்கள். தேற்றத்தை இரண்டாக வெட்டி, இரண்டு பெட்டி போட்டு, இரண்டாவதன் மேலே 'தொடர்ச்சி' என்று எழுதுவது, எழுத்தைச் சின்னதாக்குவது, இடைவெளியை மைனஸில் கொடுத்து மேலே இழுப்பது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்கிறார்கள். மறுநாள் கைடு இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னால் போதும், அதற்குப் பிறகு வரும் பக்கங்கள் எல்லாம் நகர்ந்து, 'தொடர்ச்சி' பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும். கணிதத்தைச் சரிபார்க்க வேண்டிய நேரம் இப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இத்தனைக்கும், கட்டிய பெட்டியை அறுக்க விஸ்பிளிட் (\vsplit) என்ற கட்டளை டெக்கிலேயே இருக்கிறது. பக்கத்தில் மிச்சம் எவ்வளவு என்று அளந்து, அந்த உயரத்துக்குப் பெட்டியை வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் சட்டம் வரைகிற பேக்கேஜ்கள் (லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுப்புகள்) பல வருடங்களாக இலவசமாகவே கிடைக்கின்றன: ஃப்ரேம்டு (framed), எம்டிஃப்ரேம்டு (mdframed), டிகலர்பாக்ஸ் (tcolorbox). இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது தாமஸ் ஸ்டர்ம் எழுதிய டிகலர்பாக்ஸ்தான். ஆனால் ஒரு விஷயம், பேக்கேஜைச் சேர்த்தால் மட்டும் பெட்டி உடையாது. 'பிரேக்கபிள்' (breakable) என்ற அதன் கூடுதல் பகுதியான லைப்ரரியையும் அழைத்து, பெட்டியின் விருப்பங்களிலும் (ஆப்ஷன்ஸ்) அதே சொல்லைக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'டிகலர்பாக்ஸும் வேலை செய்யவில்லை' என்று பழைய வழிக்கே திரும்பிப் போகிறவர்கள் நிறைய. 'ஸ்கின்ஸ்' (skins) லைப்ரரியோடு 'என்ஹான்ஸ்டு' (enhanced) என்ற விருப்பத்தையும் சேர்த்தால் பக்கத்தின் அடியில் கட்டம் மூடாமல் திறந்தே நிற்கும், தேற்றம் இன்னும் முடியவில்லை என்று படிக்கிறவருக்குத் தானாகவே தெரியும். பெட்டியின் ஒற்றை வரி மட்டும் அடியில் தனியாகத் தொங்காமல் இருக்க, உடைவதற்கு முன் குறைந்தது எத்தனை வரி வேண்டும் என்று சொல்லவும் ஒரு விருப்பம் உண்டு.

ஆய்வேட்டை ஏற்கெனவே எழுதி முடித்தவர்களும் பயப்பட வேண்டாம். 'டிகலர்பாக்ஸ்என்விரான்மென்ட்' (\tcolorboxenvironment) என்ற கட்டளை, நீங்கள் முன்பே வரையறுத்து வைத்த தேற்றச் சூழலை (என்விரான்மென்ட்) அப்படியே எடுத்து உடையக்கூடிய பெட்டிக்குள் வைத்துவிடும். ஃபைலின் முகப்பில் பேக்கேஜ், லைப்ரரியோடு இதையும் சேர்த்தால் போதும், உள்ளே இருக்கும் தேற்றங்களைத் தொடவே வேண்டாம். தொல்லை தரும் இடங்களும் சில உண்டு: பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்தால் உள்ளே இருப்பது உடையாது, மிதக்கும் படங்களை (லேடெக் தானே இடம் பார்த்து வைக்கும் படங்களை) பெட்டிக்குள் போட முடியாது, அடிக்குறிப்பு பக்கத்தின் அடிக்குப் போகாமல் பெட்டியின் அடியிலேயே வரும்.

வேர்டில் அடிக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. டெக்ஸ்ட் பாக்ஸ் எந்தக் காலத்திலும் பக்கம் தாண்டி உடையாது, அதைத் தேற்றத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. ஒற்றை அறை டேபிள் போடுங்கள், டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ரோ பகுதிக்குப் போய், வரிசை பக்கங்களுக்கு நடுவே உடையலாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்திக்கே பார்டர் கொடுத்துவிடுங்கள், அது தானாக உடையும்.

எல்லாப் பெட்டியையும் உடைத்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று வரித் தேற்றம் ஒரே பக்கத்தில் சேர்ந்திருப்பதுதான் கண்ணுக்கு நல்லது. என்னைக் கேட்டால் கட்டத்துக்குள் தேற்றக் கூற்று மட்டும் போதும், நிரூபணம் வெளியே சாதாரணப் பத்தியாக ஓடட்டும். இரண்டு பக்க நிரூபணத்தைக் கட்டத்துக்குள் அடைப்பதால் யாருக்கும் எதுவும் கூடுதலாகப் புரியப் போவதில்லை.

தமிழில் கணிதக் குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழில் எழுதும்போது அதே தேற்றம் ஆங்கிலத்தை விடக் கூடுதல் வரிகளைப் பிடிக்கிறது, கட்டம் பக்கத்தைத் தாண்டுவதும் அடிக்கடி நடக்கிறது. தமிழ் எழுத்துருக்களை நேரடியாக ஏற்கும் லேடெக் வடிவங்களான ஸீலேடெக்கிலோ (XeLaTeX) லுவாலேடெக்கிலோ (LuaLaTeX) தமிழ் எழுத்துருவைப் போட்டு எழுதினாலும் இதே 'பிரேக்கபிள்' அப்படியே வேலை செய்யும்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் கணிதத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கு ஆய்வேட்டு மாதிரி ஃபைல் கொடுக்கும்போது உடையும் தேற்றப் பெட்டியை அதிலேயே வைத்துக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் லாக் ஃபைலில் 'ஓவர்ஃபுல் விபாக்ஸ்' இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். பிளஸ் டூ கணித நோட்ஸ் அச்சிடுகிறவர்களும் அடுத்த பதிப்புக்கு முன்னால் இதைச் செய்தால், காலியாகப் போகும் தாளும் மிச்சமாகும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.