உன் மகளின் இரண்டு வருஷம்

அன்புள்ள சாமுவேல்,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். கத்திரி தொடங்கும் முன்பே வேலூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, போரில் தண்ணீர் இறங்கிவிட்டதால் லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம்.

சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். சபை ஸ்பான்சர் பண்ணிய மெடிக்கல் சீட் என்பதால் பெரியவள் இரண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும், மேல்படிப்பு தள்ளிப்போகும், வரனும் தள்ளிப்போகும், எப்படியாவது இதைத் தவிர்க்க வழி உண்டா, கர்த்தர் ஆசீர்வதித்த பிள்ளை ஏன் கஷ்டப்படணும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வசதியாக வாழ்வது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பா ராணிப்பேட்டை டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கை வெந்துபோக உழைத்தது, நீ ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதானே? அதைப் பழிக்க யாருக்கும் வாய் வராது. ஆனால் வசதிதான் ஆசீர்வாதம், கஷ்டம் வந்தால் ஆசீர்வாதம் போய்விட்டது என்று எப்போதிலிருந்து நினைக்க ஆரம்பித்தோம்?

போன மாதம் சத்துவாச்சாரியில் ஒரு வீடு பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். கிரானைட் தரை, வாசலில் வாக்குத்தத்த வசனம் பொறித்த கல். ஜெபம் முடிந்து சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் மனை வாங்கியது, கார் வாங்கியது, மகனுக்குக் கனடா விசா கிடைத்தது என்றே சொன்னார்கள். எங்கள் சபையில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பாட்டி இருக்கிறார், கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவர் செருப்புகள் கிடந்த ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "ஆமென்" சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்பவர் அவர்தான், உன் மகள் பெயரும் அதில் உண்டு. அவரிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. நம் கணக்குப்படி கடவுள் அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை, அப்படித்தானே?

மேரி வர்கீஸ் அம்மாவை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளம் டாக்டர், அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா கதையும் உனக்குத் தெரியும், ஒரே இரவில் திண்டிவனத்தில் பிரசவத்தில் இறந்த மூன்று பெண்களைச் சொல்லாத பிரசங்கியார் நம் ஊரில் கிடையாது. ஆனால் அதற்கு முன்பு இருந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவர் இங்கே தங்க வரவில்லை, சுகமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொண்டு அமெரிக்காவுக்கே திரும்பிப்போய் நிம்மதியாக வாழ வேண்டும் என்றுதான் இருந்தார். அந்த ஆசையில் தப்பே இல்லை. அதை விட்டுவிட்டு டாக்டருக்குப் படித்து வந்தவர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். நம் அம்மாக்கள் உயிர் பிழைத்து நம்மைப் பெற்றதில் அந்தக் கட்டிலுக்கும் பங்கு உண்டு, சாமு.

உன் பயம் புரியாமல் இல்லை. நைட் டியூட்டி, தங்கும் இடம், பாதுகாப்பு எல்லாம் தகப்பன் கேட்க வேண்டியவைதான், தைரியமாகப் போய்க் கேள். ஆனால் இவ்வளவு நீளமாக எழுதியதில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லையே? ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய என்ற வசனத்தைக் கல்லூரியில் தினமும் பார்த்துப் படித்த பிள்ளை அவள். முதலில் அவளிடம் கேள்.

வரனை நினைத்துக் கவலைப்படாதே, நானும் இங்கே விசாரிக்கிறேன். மிஷன் ஆஸ்பத்திரி என்றதும் பின்வாங்குகிற குடும்பம் நமக்கு வேண்டாம். மே மாதம் வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா, தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தேவா