கொடி ஏறிய பிறகு பள்ளிக்கு வரலாமா?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு ஒன்பது விடுப்புக் கடிதங்கள் வந்தன. ஒன்பதிலும் காரணம் ஒன்றுதான்: "ஊர்க் கோயிலில் கொடி ஏறிவிட்டது. திருவிழா முடியும்வரை பிள்ளை எல்லை தாண்டக் கூடாது." அவற்றில் ஒன்றில் இருந்தது அப்பாவின் கையெழுத்தாகத் தெரியவில்லை; அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

காய்ச்சல் என்று எழுதாமல் உள்ளதை எழுதியதற்கு நன்றி. நானும் கொடிமரத்தடியில் முண்டியடித்து நின்று வளர்ந்தவன்தான். துணியில் தெய்வத்தின் ஊர்தியை எழுதி, பூசை செய்து, மேளம் முழங்க ஏற்றி, மரத்தில் தர்ப்பையும் மாவிலையும் கட்டிவிட்டால் விழா தொடங்கிவிட்டது என்று பொருள். சிவன் கோயிலில் நந்தி, பெருமாள் கோயிலில் கருடன். முருகனுக்கு ஊர்தி மயில் என்றாலும் அவனைச் சேவற்கொடியோன் என்றே அழைக்கிறோம். மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் பிளந்தபோது ஒரு பாதி மயிலானது, மறுபாதி சேவலானது என்பது கந்தபுராணக் கதை. எதிர்த்து நின்றவனையே எடுத்துக் கொடியில் வைத்துக்கொண்டான் முருகன். எட்டாம் வகுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

பழனியில் தைப்பூசக் கொடி மலைமேல் ஏறுவதில்லை. ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயிலில் ஏறுகிறது. பங்குனி உத்திரத்துக்குத் திருஆவினன்குடியில். கொடி ஏறிய அந்த ஊருக்குத்தான் காவடியோடு எங்கிருந்தெல்லாமோ நடந்து வருகிறார்கள். கொடி ஊரைக் கூட்டுவதற்கு, பூட்டுவதற்கு அல்ல.

எல்லை தாண்டாமை எதற்கு என்று என் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். தேர்வடம் பிடிக்க, தண்ணீர் சுமக்க, சமைக்க ஊரில் ஆள் வேண்டாமா என்றார். எங்கள் வீட்டு வழக்கப்படி வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். உங்கள் ஊர் வழக்கம் வேறாக இருக்கலாம், பூசாரியையும் பெரியவர்களையும் கேளுங்கள். ஆனால் கொடி ஏறிய மறுநாளே வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப்போன வண்டியில் உங்களில் சிலரைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூண்டுக்குத் திறக்கிற எல்லை பிள்ளைக்கும் திறக்கலாமே.

பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடக்கிறது. தேரோட்டத்தன்று மட்டும் தேர்வு வைக்கவில்லை. காப்புக் கட்டிய பிள்ளைகள் காப்போடு வரட்டும்; கழற்றச் சொல்ல மாட்டோம். மஞ்சள் ஆடைக்கும் தடையில்லை. விரதம் இருப்பவர்களுக்குச் சத்துணவில் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் தரச் சொல்லியிருக்கிறேன். மாலையில் மூடுபனி இறங்குவதற்கு முன் வரும் பஸ்ஸில் ஓர் ஆசிரியர் உடன் நின்று ஏற்றிவிடுவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
மேல்மலை, கொடைக்கானல் வட்டம்