எலிகள் போதும், தாம்பரத்துக்கு வாருங்கள்

தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும்,

வணக்கம்.

காசநோய்க்கு முதலில் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைப் பதம் பார்க்கக் கூடியவை. கண் மஞ்சளித்தால் நம் ஊர்களில் மாத்திரை மூலைக்குப் போகும், கீழாநெல்லி அம்மிக்கு வரும். கண் தெளிந்தால் பெயர் கீழாநெல்லிக்கு. மாத்திரையை நிறுத்தியதாலேயே தெளிந்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. அத்தோடு மாத்திரையை மறந்தால் காசநோய் திரும்பும்.

மூலிகை உண்மையிலேயே காக்கிறதா? நம் பார்மசி கல்லூரிகளைக் கேட்டால் எலியைக் காட்டுவார்கள். எலிக்கு முதலில் செடியின் சாறு, பிறகு கல்லீரலைக் கெடுக்க அளவுமீறிய பாராசிட்டமால், ஒப்பிட்டுப் பார்க்க கல்லீரலைக் காப்பதாகச் சொல்லப்படும் சிலிமரின். செடியின் பெயர் மட்டும் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு மாறும். பாராசிட்டமாலைக் கல்லீரலில் நஞ்சாக மாற்றுவது சில நொதிகள். சாறு அவற்றைத் தடுத்தாலே எலி தப்பிவிடும். அதே சாறு மனித உடலில் காசநோய் மருந்தின் வேலையையும் கெடுத்தால்? அதை எலி சொல்லாது.

மனிதரிடம் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது. வெற்று மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத போலி) எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். பிறகு வேறு இடங்களில் அந்த முடிவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று தெரிந்ததே அப்படிச் சோதித்ததால்தான்.

பச்சிலை என்றால் தீங்கில்லை என்பதும் சரியல்ல. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் சித்த நிறுவனமும் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அக்கம்பக்கம். காசநோயாளியை வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு. இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே இருக்கிறது? கடையில் வாங்கும் கீழாநெல்லியில் வேறு இனச் செடிகளும் கலந்துவரும். ஆகவே முதலில் செடியை உறுதிசெய்யுங்கள். மாத்திரையை நிறுத்தாமல் பாதிப் பேருக்குக் கீழாநெல்லி, மீதிப் பேருக்கு வெற்று மருந்து. கல்லீரல் நொதிகளோடு இரத்தத்தில் ரிஃபாம்பிசின் அளவையும், சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தோற்றாலும் வெளியிடுங்கள்.

அதுவரை காசநோய் அட்டையில் இதையாவது அச்சிடுங்கள்: ‘கண் மஞ்சளித்தால் அன்றே வாருங்கள். கீழாநெல்லி சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள், திட்டமாட்டோம்.’

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்