படத்தில் பக்கவாத்தியக்காரர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தால் உங்கள் நாளிதழில் தினமும் கச்சேரிப் படங்கள் வருகின்றன. காலையில் காபியோடு நான் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். போன சனிக்கிழமை வந்த படத்தில் பாடகி இருந்தார், அவருடைய மைக் இருந்தது. இடது ஓரத்தில் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் பக்கம், பாதியும் அதன்மேல் நான்கு விரல்களும் தெரிந்தன. அந்த விரல்கள் யாருடையவை என்று படத்தின் கீழேயும் ஒரு வரி இல்லை.

சபாக்களில் 31 வருஷம் படம் எடுத்தவன் நான். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு கச்சேரி முடிந்ததும், கடம் வாசித்தவர் கேன்டீன் வாசலில் என்னைப் பிடித்தார். "அண்ணே, நான் இருக்கிற மாதிரி ஒரு படம் கிடைக்குமா? ஊர்ல அம்மாவுக்கு அனுப்பணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, ராத்திரி ரோலைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தேன். 36 படம். பாடகர் கையைத் தூக்குகிறார், கண்ணை மூடுகிறார், வயலினைப் பார்த்துச் சிரிக்கிறார். கடக்காரர் ஒன்றில் வெறும் தோள், இன்னொன்றில் மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் நெற்றி. இரண்டரை மணி நேரம் என் கண்ணெதிரே உட்கார்ந்து வாசித்த மனிதர்! அடுத்த வாரம் அவர் வாசித்த இன்னொரு சபாவுக்குத் தேடிப் போய், அவரை மட்டும் ஒரு ரோல் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்தது. ஃபோகஸ் லைட் பாடகர் மேல் விழும், பக்கத்தில் இருப்பவர்கள் அரை இருட்டில் இருப்பார்கள். 400 வேக ஃபிலிமை (எண் கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும்) 1600 என்று வைத்து எடுத்தாலும், தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் விரல்கள் புகையாகத்தான் விழும். இன்றைய கேமராக்கள் 3200, 6400 எல்லாம் சாதாரணமாகத் தாங்குகின்றன. ஆலாபனை நடுவில்கூடச் சத்தமே இல்லாமல் எடுக்கலாம்.

கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்புறம், நமக்கு இடப்புறம், உட்காருவார். அவர் முகம் வேண்டுமானால் அரங்கின் வலது ஓரத்துக்குப் போக வேண்டும். வயலினுக்கு இடது ஓரம். நடுவில் நின்றுகொண்டே எடுத்தால் பாடகர்தான் கிடைப்பார்.

முடிந்தால் கச்சேரிக்குப் பத்து நிமிஷம் முன்னால் உங்கள் படக்காரரைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பி என்கிற இடப்பக்கத்தின் நடுவில் அப்பி, கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்து, ஒரு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். துளி கிள்ளி எடுத்துவிட்டு மறுபடி தட்டுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருக்கும் கவனத்தைப் பாட்டின் உச்சத்தில் எந்தப் பாடகர் முகத்திலும் நான் பார்த்ததில்லை. உங்கள் பத்திரிகையில் அப்படி ஒரு படம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மிருதங்க வித்வான் ஒருவருக்குச் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைக்கவே 1966 ஆனது. பாலக்காடு மணி ஐயருக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். படத்திலாவது நாம் அவ்வளவு காலம் எடுக்க வேண்டாமே. வாரத்துக்கு இரண்டு படமாவது மேடை முழுவதும் தெரியும்படி போடுங்கள், பின்னால் தம்புரா போடும் பெண் உட்பட. இடம் இல்லாமல் வெட்டத்தான் வேண்டும் என்றால் பெயர்களையாவது படத்தின் கீழே போடுங்கள். சபாக்காரர்களும் பக்கவாட்டில் இன்னும் ஒரு விளக்கு சேர்த்தால் பெரிய உதவி.

அந்தக் கடக்காரரை எடுத்த நெகடிவ் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். என் பெயர் வேண்டாம், அவர் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டுடியோக்காரர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.