பல்செட்டைக் கழுவிக்கொண்டு ஓடிவந்த அக்காவுக்கு

சொந்தங்களே, பங்கு மக்களே, அப்பாவின் கப்பல் கூட்டாளிகளே,

அப்பாவின் அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. திருப்பிக் கொடுக்காத வாடகை நாற்காலிகள் இரண்டு இன்னும் முற்றத்தில் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் அந்தப் பதினேழு நாட்கள் எப்படிப் போயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், நீங்கள்தானே கூட இருந்தீர்கள். நேராக நன்றிக்கு வந்துவிடுகிறேன்.

நள்ளிரவில் வந்து எண்ணெய் பூசிச் செபித்து நோயில்பூசுதல் கொடுத்த பங்குச் சாமியார், ரத்தம் கொடுத்த எட்டுப் பிள்ளைகள், மூன்று நேரமும் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த அன்பியத்து (தெருச் செபக் குழு) பெண்கள், கேட்காமலே கடையை அடைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டம் வரை நடந்துவந்த எதிர்வீட்டு பாய், மும்பையிலிருந்து ராத்திரி ரயிலேறிய பழைய கப்பல்காரர்கள், எல்லாருக்கும் எங்கள் வீட்டின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள். காபி கொடுக்கிறேன்.

இனி நான் எழுதப்போவது பெயர்கூடத் தெரியாத ஒருத்தியைப் பற்றி. வார்டில் இரவு ஷிப்ட் துப்புரவு வேலை பார்த்தவள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் நாங்கள் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டோம்.

அன்று காலை கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, அப்பாவை ஸ்ட்ரெச்சரில் சாய்தளம் வழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே ஆம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது. பின்னால் ஒரு சத்தம். "நில்லுங்கம்மா! ஐயா பல்லு!" ஷிப்ட் முடிந்து சேலை மாற்றித் தோளில் பையோடு இருந்தவள், கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அதில் அப்பாவின் பல்செட். கட்டிலுக்கடியில் நாங்கள் மறந்து வைத்துவிட்டு வந்தது.

"குடுங்க, வீட்டுல போய்ப் பாத்துக்கிடலாம்" என்றான் தம்பி. அவள் கொடுக்கவில்லை. "இப்பவே வைக்கணும் சார். தாடை இறுகிட்டுன்னா அப்புறம் வைக்க முடியாது."

பக்கத்துக் குழாயில் பல்செட்டைத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையை நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்தாள். முதலில் மேல் வரிசை, அப்புறம் கீழ் வரிசை. உள்ளங்கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பையிலிருந்து பேண்டேஜ் துணி எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். குழிந்துபோயிருந்த கன்னம் மேலெழும்பி வந்ததை நான் பார்த்தேன். "இப்பதான் ஐயா மாதிரி இருக்காவ" என்றாள். அவளுடைய பஸ் போயிருக்கும். அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

திண்ணையில் அப்பாவை இறக்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பல்லு வச்சிருக்கா?"

அம்மாவுக்குத் தெரியும். பல் இல்லாமல் அப்பா செபமாலை சொல்லமாட்டார். 'அருள் நிறைந்த மரியே' காற்றாகப் போய்விடுமாம். "பல்லில்லாம சொன்னா மாதாவுக்குப் புரியாதுல்லா" என்பார். அம்மா அறுபது வருடமாக அதற்குச் சிரிக்காத நாளில்லை.

பதினான்கு வயதில், 1948-இல், சமையல்காரனுக்கு எடுபிடியாகக் கொழும்புத் தோணியில் ஏறியவர். பிறகு பெரிய கப்பல், 1992 வரை. சூயஸ் கால்வாய் 1967-இலிருந்து எட்டு வருடம் மூடிக்கிடந்ததே, அப்போது ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சுற்றி வந்ததில் நான் பிறந்த சேதி அவருக்குக் கிடைக்கவே நாள் ஆனது. துறைமுகத்தில் இறங்கினால் முதலில் கோயில், அப்புறம்தான் கடை. அந்தக் காலத்தில் எந்த நாட்டில் இறங்கினாலும் பூசை லத்தீனில்தான். தூத்துக்குடியில் பூசைக்கு உதவும் பீடச்சிறுவனாகப் படித்த அதே பதிலை பிரேசிலின் சாந்தோஸிலும் சொல்லலாம், நேப்பிள்ஸிலும் சொல்லலாம். அறுபதுகளில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை அந்தந்த ஊர்ப் பாஷைக்கு மாறியதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஊருல தமிழ்ல கேக்க நல்லாத்தான் இருக்கு, வெளிநாட்டுலதான் ஊமையாயிட்டேன்" என்பார்.

1964-இல் கப்பலுக்குக் காத்துக்கொண்டு பம்பாயில் கிடந்தபோது நற்கருணை மாநாட்டுக்கு ஆறாம் பவுல் பாப்பரசர் வந்தார். கூட்டத்தில் அப்பா பார்த்தது ஒரு வெள்ளைத் தொப்பியை மட்டும். அதையே வருடா வருடம் பெரிதாக்கிச் சொல்வார். நம் பனிமய மாதா சுரூபம் மணிலாவிலிருந்து வந்ததாகப் பெரியவர்கள் சொல்வதை நம்பி, மணிலாவில் இறங்கிய அன்றே 'மாதாவின் தாய்வீடு' எது என்று தெருத்தெருவாகக் கேட்டுத் திரிந்தவரும் அவர்தான். 2023-இல் தங்கத்தேர் ஓடியபோது எண்பத்தொன்பது வயது. நாற்காலி போட்டோம், உட்கார மறுத்துவிட்டார்.

உலகம் முழுக்கச் சுற்றினாலும் எங்களுக்கு அவர் கொண்டுவந்தது என்னவோ சோப்பும் டார்ச் லைட்டும்தான். போகட்டும்.

எட்டாம் நாள் பூசைக்கு, வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரின் மகள் வந்திருந்தாள். அவள் சொல்லித்தான் மீதி தெரிந்தது. ராத்திரி ஏழு மணிக்கு நான் குளித்துச் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரத்தில், அந்த அக்கா தினமும் டம்ளரை எடுத்து, பல்லைக் கழுவி அப்பாவுக்கு மாட்டிவிடுவாளாம். அப்பா செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டி முடித்ததும் கழற்றித் திரும்பத் தண்ணீரில் போடுவாளாம். தனக்கு வேறு சாமி, ஆனாலும் அவர் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில், "அடுத்தது சொல்லுங்கய்யா" என்று எடுத்துக் கொடுப்பாளாம். அப்பா எங்களிடம் சொல்லவில்லை. சொல்லும் தெம்பும் அவருக்கு இல்லை. பதினேழு நாளும் கூடவே இருந்தேன் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன். கான்ட்ராக்ட் ஆட்களை மாற்றிவிட்டார்களாம், எங்கே போட்டிருக்கிறார்கள் என்று வாசலில் இருந்தவருக்குத் தெரியவில்லை. நெற்றியில் சின்னதாகத் திருநீறு, இடது கையில் பச்சை வளையல், நடக்கும்போது லேசாகச் சாய்வாள். உங்கள் தெருவிலோ பஸ்ஸிலோ பார்த்தால் எங்கள் வீட்டைச் சொல்லுங்கள். முப்பதாம் நாள் பூசைக்கு அவள் வந்தால் அம்மா பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

மக்ரூன் டப்பாவில் இருக்கிறது. நமத்துப்போனால் வேறு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த மகள்